தேரிக்காட்டுக் கரையில் புகையிலைக் கடத்தலும் அரசுகளின் தடுப்பு முயற்சிகளும்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் தொடங்கித் தெற்கே கன்னியாகுமரி வரை நீளும் மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரை, முத்துக்குளிப்பாலும் கருப்பட்டி வணிகத்தாலும் பெயர் பெற்ற அளவுக்குப் புகையிலை வணிகத்தின் வரலாற்றில் பேசப்பட்டதில்லை. இக்கரைக்குப் பின்னால், செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் சூழ அமைந்திருக்கும் வணிக ஊர் திசையன்விளை. அதற்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டரில் உவரியின் கடற்கரை இருக்கிறது. மேற்கே வள்ளியூர், காவல்கிணறு வழியாகச் சென்றால், ஒரு காலத்தில் திருவிதாங்கூர் அரசின் வாயிலாக விளங்கிய ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்துவிடும். இவ்வாறு ஒரு நில எல்லைக்கும் ஒரு கடல் எல்லைக்கும் இடைப்பட்டுக் கிடந்த இந்த வட்டாரத்தில், கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் முதலில் மேற்கு எல்லை வழியாகவும் பின்னர் கிழக்கே கடல் வழியாகவும் புகையிலையும் புகையிலைத் தொழிலுக்குரிய பொருள்களும் வரி செலுத்தாமல் கடந்து சென்றிருக்கின்றன. அவற்றைத் தடுக்க அரசுகள் எடுத்த முயற்சிகளை வரிசையாக நோக்கினால், கடத்தலின் அளவைத் தீர்மானித்தது காவலின் வலிமை மட்டுமன்று, எல்லையின் இருபுறமும் நிலவிய விலை வேறுபாடும், இழப்பு எந்த அரசுக்கு என்ற கேள்வியுமே என்பது புலப்படும்.

யாழ்ப்பாணப் புகையிலையும் திருவிதாங்கூர் ஏகபோகமும்

அமெரிக்கக் கண்டத்துப் பயிரான புகையிலை, போர்த்துக்கீசியர் வழியாக 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இந்தியக் கரைகளுக்கு வந்து சேர்ந்தது. 1658-இல் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் வசமான பிறகு, யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்பயிர் மெல்லப் பரவி, 18-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள உழவர்களின் முதன்மையான பணப்பயிராக உருவெடுத்தது. அந்தப் புகையிலையின் பெரும் சந்தை திருவிதாங்கூர். வெற்றிலை பாக்குடன் சேர்த்து மெல்லுவதற்கு ஏற்ற காரமான யாழ்ப்பாண இலையை அந்நாட்டு மக்கள் விரும்பினர். பிற இடங்களின் இலை மலிவாகக் கிடைத்தாலும் அவர்கள் எளிதில் அதற்கு மாறவில்லை. விருப்பம் இவ்வளவு உறுதியாக இருக்கும் பொருள் எதுவோ, அதுவே வரி விதிப்பதற்கு ஏற்ற பொருள் என்பது எந்த அரசுக்கும் தெரிந்த பாடமாதலால், மிளகைப் போலவே புகையிலையையும் திருவிதாங்கூர் அரசு தன் ஏகபோகப் பொருளாக்கியது.

ஏகபோகம் என்பது ஒரு பொருளை வாங்கவும் விற்கவும் அரசுக்கு மட்டுமே உரிமை உண்டு என்னும் ஏற்பாடு. அரசு ஒப்பந்தக்காரர்கள் மூலம் புகையிலையை வாங்கித் தன் பண்டகசாலைகளில் சேமித்து, தான் குறித்த விலைக்கு வணிகர்களுக்கு விற்றது. தனியார் எவரும் வெளியிலிருந்து ஒரு கட்டுப் புகையிலையைக்கூடக் கொண்டுவர அனுமதி இல்லை. கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலிருந்த பெரிய வித்தியாசம் அரசின் கருவூலத்துக்குச் சென்றது. ஏறத்தாழ இதே காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் மலபாரிலும் அதற்குப் புகையிலை விளைவித்துக் கொடுத்த கோயம்புத்தூரிலும் இத்தகைய ஏகபோகத்தை நடத்தியது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நடந்த கள்ளக் கடத்தலோடு நெடுங்காலம் போராடிய பிறகு, 1850-களின் தொடக்கத்தில் அதனைக் கைவிட்டது.

திருநெல்வேலிச் சீமை 1801-இல் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்ததால், ஆரல்வாய்மொழி முதல் செங்கோட்டை வரையிலான மலைத்தொடர் இரண்டு வேறு வரிமுறைகளுக்கு இடையிலான எல்லையாயிற்று. கிழக்குப் பக்கத்தில் புகையிலை சந்தைச் சரக்கு. மேற்குப் பக்கத்தில் அதே சரக்கு அரசு விலையில் மட்டுமே கிடைக்கும் பொருள். கணவாய்களில் திருவிதாங்கூர் அரசு சௌக்கை எனப்பட்ட சுங்கச் சாவடிகளை அமைத்துக் காவலர்களை நிறுத்தியது. ஆனால் சாவடி இருந்த பாதைகளை விட, சாவடி இல்லாத மலைத்தடங்களும் கடற்கரை மணற்பாதைகளும் அதிகம். மேலும், எல்லையைக் கடந்து போன புகையிலையால் கம்பெனிக்கு ஒரு காசு இழப்பும் கிடையாது. அதன் குடிகளுக்கு விற்பனை லாபமே கிடைத்தது. எனவே தடுக்க வேண்டிய சுமை முழுவதும் வாங்கும் பக்கத்து அரசின் தோளில் விழுந்தது. இந்த ஏற்றத்தாழ்வு பின்னாளில் கடல் எல்லையிலும் அப்படியே திரும்பி வந்தது என்பதால் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குக் காவலைப் பெருக்குவதை விடுத்து வேறு தீர்வு கண்டவர், 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்த சர் டி. மாதவராவ். ஏகபோக விலை உயரமாக இருக்கும்வரை கள்ளக் கடத்தலுக்கான தூண்டுதலும் நீடிக்கும், அதனைத் தடுக்க வைத்திருக்கும் காவற்படையின் செலவும் ஊழலும் வருவாயைத் தின்றுவிடும் என்ற கணக்கின்படி, அவர் 1863-இல் புகையிலை ஏகபோகத்தை நீக்கி, வணிகர் எவரும் குறிப்பிட்ட இறக்குமதி வரியைச் செலுத்திப் புகையிலையைக் கொண்டுவரலாம் என்று ஆக்கினார். வரி செலுத்தும்வரை சரக்கு அரசின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் இருக்கும். வணிகர் தம் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்வார். 1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகிய மூன்றுக்கும் இடையே ஏற்பட்ட துறைமுக வணிக உடன்படிக்கை, இந்தப் பகுதிகளுக்கு இடையிலான பெரும்பாலான பண்டங்களின் சுங்கத்தை நீக்கியது. புகையிலை உள்ளிட்ட சில வருவாய்ப் பொருள்கள் அதிலிருந்து விலக்கப்பட்டதால் எல்லைச் சாவடிகள் உடனே மறைந்துவிடவில்லை. ஆயினும் வரி வேறுபாட்டைக் குறைப்பதும், சரக்கைக் கிடங்கு வழியாகக் கணக்கில் கொண்டுவருவதும் ஆயுதக் காவலுக்கு மாற்றாக அமைய முடியும் என்பதை இந்த நிலப்பகுதியில் முதலில் காட்டியது மாதவராவின் சீர்திருத்தமே. 1950-இல் சமஸ்தானங்களின் நிதி நிர்வாகம் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டு, 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தபோது, மேற்கு எல்லையின் கதை முடிந்தது.

கடல் வழி வணிகமும் புகையிலைத் தீர்வையும்

கிழக்கே கடல் வேறு விதமாக இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தூத்துக்குடியும் கொழும்பும் ஒரே பேரரசின் இரண்டு துறைமுகங்கள். ஆட்களும் அரிசியும் துணியும் கருவாடும் கருப்பட்டியும் தடையின்றிப் போய்வந்தன. தென்கரைச் சிற்றூர்களின் வணிகர் பலர் கொழும்பிலும் மலைநாட்டுத் தோட்ட நகரங்களிலும் கடை வைத்திருந்தனர். குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனம் நடத்திய சர்க்கரை ஆலைக்குப் பதநீரும் கருப்பட்டியும் கொண்டுவருவதற்காகத் திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் இடையே ஒரு குறுகிய இரயில் பாதை போடப்பட்டு, முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து 1940 வரை ஓடியது என்பது, இன்று வெளியார் அதிகம் அறியாத இந்தத் தேரிக்காட்டு ஊர் அன்றைய கடல் வணிகத்தோடு எவ்வளவு நெருங்கி இணைந்திருந்தது என்பதற்குச் சான்று.

அக்காலத்தில் கடல் வழிச் சுங்கத்தை 1878-ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டம் ஆண்டது. ஆனால் உள்நாட்டில் விளைந்த புகையிலை மீது மைய அரசின் வரி இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1943-இல் தான் வந்தது. புகையிலை ஆயத்தீர்வைச் சட்டத்தின்படி, புகையிலை பயிரிட்டுப் பதப்படுத்துவோரும் சேமிப்போரும் வணிகரும் அரசின் உரிமமும் கணக்கும் உடையவர்களாக்கப்பட்டனர். ஆயத்தீர்வை என்பது உள்நாட்டில் உற்பத்தியாகும் பொருள் மீது உற்பத்தி நிலையிலேயே விதிக்கப்படும் வரி. தீர்வை செலுத்தாத இலை பூட்டிய கிடங்கில் இருக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். இந்த முறை 1944-இன் மைய ஆயத்தீர்வை மற்றும் உப்புச் சட்டத்தில் சேர்ந்து, செய்பொருளாக்கப்படாத புகையிலை மீதான தீர்வை 1979-இல் நீக்கப்படும்வரை தொடர்ந்தது. அதன்பின் தீர்வை முழுவதும் சிகரெட், பீடி முதலிய செய்பொருள்கள் மீது நின்றது.

பீடித் தொழிலும் பீடி இலையும்

20-ஆம் நூற்றாண்டில் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பொருளாதாரத்தை மாற்றிய தொழில் பீடி. கைத்தறி லுங்கி நெசவுக்குப் பெயர்பெற்ற மேலப்பாளையத்தில் நெசவு நலிந்தபோது அந்த வீடுகளுக்குள் பீடி வந்தது. ஆற்றின் வடகரையில் முக்கூடலும், மேற்கே அம்பாசமுத்திரம், கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரங்களும் பீடி சுற்றும் ஊர்களாயின. சொக்கலால் ராம்சேட், காஜா, செய்யது முதலிய பெயர்கள் தமிழகம் எங்கும் பெட்டிக்கடைகளில் தொங்கின. இலையை நனைத்துப் பதமாக்கி, தகட்டளவுக்கு வெட்டி, அதில் தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி நூலால் கட்டும் இவ்வேலையை இன்றும் பெரும்பாலும் பெண்களே வீட்டுத் திண்ணையில் செய்கின்றனர். கூலி 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. இவர்களுக்காக 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் 1976-இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டமும் இயற்றப்பட்டன.

பீடிக்குரிய தூளும் இலையும் திருநெல்வேலியில் விளைபவை அல்ல. தூள் குஜராத்தின் ஆனந்த், கேடா வட்டாரங்களிலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணியிலிருந்தும் வருகிறது. இலையோ தெந்து எனப்படும், கருங்காலி இனத்தைச் சேர்ந்த காட்டு மரத்தின் இலை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களின் காடுகளில் கோடைக்காலத்தில் பழங்குடி மக்களால் பறித்துக் காயவைக்கப்படுகிறது. மத்தியப் பிரதேசம் 1964-இல் இந்த இலை வணிகத்தை அரசின் உரிமையாக்கியது. பிற மாநிலங்களும் அடுத்தடுத்து அவ்வாறே செய்ததால், இலை காட்டை விட்டு வெளியேறும்போது ஏலத்தொகையும் போக்குவரத்துச் சீட்டும் உடைய, கணக்கில் உள்ள பொருளாக இருக்கிறது. மூட்டை மூட்டையாகத் திருநெல்வேலி, தூத்துக்குடிக் கிடங்குகளுக்கு வந்து சேரும்வரை அந்தக் கணக்குத் தொடர்கிறது. அதன் பிறகு, எந்த மூட்டை எந்த ஊரின் பீடிக் கடைக்குப் போயிற்று, எது கடற்கரைக்குப் போயிற்று என்று பின்தொடர எவரும் இல்லை.

கடல் எல்லையாக மாறிய பிறகு

இலங்கையிலும் பீடி குடிப்போர் உண்டு. அங்கும் பீடி சுற்றும் தொழில் உண்டு. ஆனால் தெந்து மரம் அங்கு வணிக அளவில் இல்லாததால் இலை இந்தியாவிலிருந்தே வர வேண்டும். 1948-க்குப் பின் இலங்கை தனி நாடாகித் தன் சுங்கத்தையும் இறக்குமதிக் கட்டுப்பாட்டையும் குடியேற்றச் சட்டத்தையும் இறுக்கியபோது, முன்பு ஒரே பேரரசின் உள்நீராக இருந்த வளைகுடா இரண்டு நாடுகளின் எல்லையாயிற்று. 1952-இல் இலங்கைப் படையினர் கள்ளக் குடியேற்றத்தையும் கடத்தலையும் தடுக்கத் தொடங்கிய ‘ஆபரேஷன் மான்ட்டி’ என்ற நடவடிக்கை, 1963-இல் கள்ளக் குடியேற்றத் தடுப்புப் பணிப்படை என்ற நிலையான அமைப்பாக மாறியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960-களில் இலங்கையில் இறக்குமதி மேலும் சுருங்க, தமிழகக் கரையிலிருந்து பீடி இலையும் புடவையும் லுங்கியும் அங்கே செல்வதும், அங்கிருந்து கிராம்பும் வெளிநாட்டுத் துணிகளும் தங்கமும் இங்கே வருவதுமான இருவழிக் கடத்தல் வளர்ந்தது.

இந்தியப் பக்கத்தில் 1957 டிசம்பரில் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் அமைக்கப்பட்டது. பழைய கடற்சுங்கச் சட்டத்தின் இடத்தில் 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட துறைமுகம் அல்லாத இடத்திலிருந்து, கப்பல் ஏற்றுமதிப் பத்திரம் இல்லாமல் ஏற்றப்படும் எந்தச் சரக்கும், அதனை ஏற்றும் படகும் வண்டியும் பறிமுதலுக்கு உரியவை. 1974-இல் அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு மற்றும் கடத்தல் தடுப்புச் சட்டம், வழக்கு நடத்தாமலே கடத்தல்காரரைத் தடுப்புக் காவலில் வைக்கும் அதிகாரத்தை அளித்தது; 1976-இல் அவர்களது சொத்தைப் பறிமுதல் செய்யும் சட்டமும் வந்தது. அதே 1976-இல் மன்னார் வளைகுடாவில் இரு நாடுகளின் கடல் எல்லையும் உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்டது. 1978-இல் சட்டப்படியான அமைப்பான இந்தியக் கடலோரக் காவல்படை, 1990-களில் தமிழகக் காவல்துறையில் உருவான கடலோரப் பாதுகாப்புக் குழுமம், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கரையோரம் எங்கும் பெருகிய கடலோரக் காவல் நிலையங்கள், கியூ பிரிவு என்ற உளவுக் காவல் பிரிவு எனக் காவல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 1983 முதல் 2009 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது இந்தக் காவலின் கவனம் எரிபொருள், வெடிபொருள், மருந்து ஆகியவற்றின் மீது இருந்தது. போர் முடிந்த பிறகு பீடி இலை மீண்டும் முன்னுக்கு வந்தது.

இன்றைய நடைமுறை ஏறத்தாழ ஒரே வார்ப்பில் உள்ளது. 30, 40 கிலோ எடையுள்ள மூட்டைகளாக இறுகக் கட்டிய இலை, வேம்பார், தருவைகுளம் முதல் தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வரையிலான கரையில் ஏதோ ஓரிடத்திற்கு இரவில் சிறு சரக்கு வண்டியில் வந்து, நாட்டுப் படகிலோ பைபர் படகிலோ ஏறுகிறது. தூத்துக்குடிக்கும் இலங்கையின் கற்பிட்டிக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் என்பதால், பெரும்பாலும் படகு முழுத் தொலைவும் போவதில்லை; நடுக்கடலில் எல்லைக்கு அருகே அந்தப் பக்கத்துப் படகுக்குச் சரக்கு மாறுகிறது. இந்தப் பக்கம் தப்பும் மூட்டைகளை அந்தப் பக்கம் கற்பிட்டி, புத்தளம், மன்னார், சிலாபம், நீர்கொழும்புக் கரைகளில் இலங்கைக் கடற்படை பிடிக்கிறது; காவலுக்கு அஞ்சிக் கடலில் வீசப்பட்ட மூட்டைகள் கரையொதுங்குவதும் உண்டு. ஒரே இரவில் ஒன்றிரண்டு டன் பிடிபட்ட செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருவதால் அது இன்று செய்தியாகவே கருதப்படுவதில்லை.

வரி வேறுபாடு என்னும் விசை

பீடி இலை இந்தியாவில் தடை செய்யப்பட்ட பொருள் அன்று. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் பத்திரம் எழுதி இலங்கைக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பும் இலைக்கு இலங்கை அரசு இறக்குமதி உரிமமும் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான இலங்கை ரூபாய் வரியும் கேட்கிறது என்பதே கடத்தலின் காரணம். இந்த வரி இந்தியச் சந்தையில் இலையின் விலையைப் போலப் பல மடங்கு. இதன் நோக்கம் வருவாய் மட்டும் அன்று. 2016-இல் இலங்கையில் வரி உயர்வால் பரவலாக விற்கும் சிகரெட் ஒன்றின் விலை 35 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்கு உயர்ந்தபோது, ஏழைப் புகைப்போர் மலிவான பீடிக்கு மாறினர். அந்த வழியையும் அடைத்தால்தான் சிகரெட் மீதான வரி மக்கள்நலத்துக்குப் பயன்படும் என்பது இலங்கை அரசின் நியாயமான கணக்கு. 2020-ஐ ஒட்டி இலங்கை மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியவுடன் அதே படகுகளில் மஞ்சள் மூட்டைகள் ஏறியது, இந்தக் கடத்தலை இயக்குவது பொருளின் தன்மையன்று, இரு கரையின் விலை வேறுபாடே என்பதை நிறுவுகிறது. இந்தியாவில் 2025 செப்டம்பரில் பீடி இலை மீதான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது, உள்நாட்டுத் தொழிலுக்கு நிவாரணமானாலும், அந்த வேறுபாட்டை மேலும் அகலப்படுத்தியிருக்கிறது.

இங்கேதான் 19-ஆம் நூற்றாண்டின் ஆரல்வாய்மொழி நிலைமை கடலில் மீண்டும் தோன்றுகிறது. உவரிக் கரையிலிருந்து வரி செலுத்தாத இலை புறப்படுவதால் இந்திய அரசுக்கு வரி இழப்பு அநேகமாக இல்லை. இழப்பு முழுவதும் இலங்கைக் கருவூலத்துக்கும் இலங்கை மக்களின் உடல்நலத்துக்கும் உரியது. புறப்படும் கரையில் காவல் வைத்திருக்கும் அரசு எதையும் இழப்பதில்லை. இழக்கும் அரசுக்குப் புறப்படும் கரையில் அதிகாரம் இல்லை. தமிழகக் காவலர்கள் இந்தக் கடத்தலைத் தொடர்ந்து பிடிப்பதற்கான காரணம், இதே படகில் போதைப்பொருளும் ஆட்களும் ஆயுதங்களும் வரலாம் என்ற பாதுகாப்புக் கவலையே அன்றி, இலங்கையின் வரிவருவாய் அன்று.

சிகரெட் கடத்தலில் இந்தப் படம் தலைகீழாகிறது. ஜிஎஸ்டியும் கூடுதல் தீர்வைகளும் சேர்ந்து இந்தியாவில் சிகரெட்டின் வரியை உயர்த்தியபின், வெளிநாட்டில் தயாரான சிகரெட்டுகள் வேறு சரக்கின் பெயரில் கொள்கலன்களில் ஒளிக்கப்பட்டு இந்தியத் துறைமுகங்களுக்கு வருகின்றன, தூத்துக்குடி வ.உ. சிதம்பரனார் துறைமுகமும் இதற்கு விலக்கன்று என்பதை வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்தின் பறிமுதல்கள் காட்டுகின்றன. இந்தியச் சட்டம் 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காடு அளவுக்குப் படத்துடன் கூடிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியிருக்க, இப்பெட்டிகளில் அது இருப்பதில்லை. இங்கே இழப்பது இந்தியா. சரக்கு புறப்படும் நாட்டுக்கு அதனைத் தடுக்கும் அவசரம் இல்லை.

உலக அனுபவமும் சியோல் நெறிமுறையும்

இந்த ஏற்றத்தாழ்வை உலகின் பிற பகுதிகளும் சந்தித்திருக்கின்றன. கனடா 1994-இல் அமெரிக்க எல்லை வழியாக வந்த கடத்தலுக்கு அஞ்சிச் சிகரெட் வரியைக் குறைத்தது. கடத்தல் தணிந்தது, ஆனால் இளைஞரிடையே புகைத்தல் ஏறியது. பின்னர் 2008-இல் அந்நாட்டின் இரண்டு பெரிய சிகரெட் நிறுவனங்கள், தம் சரக்கு கடத்தல் வழியாகத் திரும்பி வர உதவியதை ஒப்புக்கொண்டு பெருந்தொகை அபராதம் செலுத்தின. ஸ்பெயினின் வழி வேறு. பிரிட்டனிலிருந்து அண்டோரா என்னும் சிறு மலைநாட்டுக்கு ஏற்றுமதியான சிகரெட்டுகள் 1993-இல் 1.3 கோடியாக இருந்து 1997-இல் 152 கோடியாகப் பெருகி ஸ்பெயினுக்குள் கசிந்தபோது, ஸ்பெயின் வரியைக் குறைக்காமல், அண்டை நாடுகளோடும் ஐரோப்பிய அமைப்போடும் சேர்ந்து சரக்கு புறப்படும் இடத்திலேயே அதனை நெருக்கியது. சந்தையில் கடத்தல் சிகரெட்டின் பங்கு சுமார் 15 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகச் சரிந்ததோடு, வரிவருவாயும் உயர்ந்தது. மாதவராவ் காலத்தில் வருவாய் ஒன்றே நோக்கமாக இருந்ததால் விலை வேறுபாட்டைக் குறைப்பது போதுமான தீர்வாயிற்று. மக்கள்நலமும் நோக்கமான இக்காலத்தில் அந்த வழி அடைபட்டுவிட, சரக்கின் தொடக்கத்தைக் கண்காணிப்பதே எஞ்சும் வழி என்பதை இவ்விரு நாடுகளின் அனுபவங்கள் உணர்த்துகின்றன.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டக உடன்படிக்கை 2003-இல் ஏற்கப்பட்டு 2005-இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2003-இலும் இந்தியா 2004-இலும் அதனை உறுதிப்படுத்தின. அதன் 15-ஆம் பிரிவு சட்டவிரோத வணிகத்தைப் பற்றியது. அதனை விரித்து, 2012 நவம்பரில் தென் கொரியாவின் சியோலில், சட்டவிரோதப் புகையிலை வணிகத்தை ஒழிப்பதற்கான நெறிமுறை ஏற்கப்பட்டது. இலங்கை 2016-இலும் இந்தியா 2018 ஜூன் மாதத்திலும் அதில் சேர்ந்தன. 2018 செப்டம்பர் 25-இல் அது நடைமுறைக்கு வந்தது. உற்பத்தியாளருக்கு உரிமம், வாங்குவோரைச் சரிபார்க்கும் கடமை, கணக்குப் பதிவேடு, ஒவ்வொரு பெட்டியும் எந்த ஆலையிலிருந்து எந்தச் சந்தைக்குச் செல்கிறது என்று தொடர்ந்தறியும் தனிக்குறியீடு, நாடுகளிடையே தகவல் பரிமாற்றம், குற்றவாளிகளை ஒப்படைத்தல் ஆகியவை அதன் உறுப்புகள். ஒரு நாட்டின் வரி இழப்பைத் தடுக்கும் கடமையை மற்றொரு நாட்டின் மீதும் வைப்பதே இந்நெறிமுறையின் வரலாற்று முக்கியத்துவம்; ஆரல்வாய்மொழியில் இல்லாதிருந்தது அதுவே.

ஆனால் இந்நெறிமுறை சிகரெட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தனிக்குறியீட்டு முறையை நடைமுறைப்படுத்தச் சிகரெட்டுக்கு 5 ஆண்டும் பிற புகையிலைப் பொருள்களுக்கு 10 ஆண்டும் கெடு கொடுக்கும் அது, புகையிலையையும் புகையிலைப் பொருள்களையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும் மட்டுமே வரம்புக்குள் கொண்டுள்ளது. தெந்து இலை புகையிலை அன்று. பீடி சுற்றப்படுவதும் பெரும்பாலும் இயந்திரத்தால் அன்று, கையால். ஆகவே மன்னார் வளைகுடாவில் மிகுதியாகக் கடக்கும் பொருள், உலகின் முதன்மையான தடுப்பு ஒப்பந்தத்தின் கண்ணில் படாமலே கடக்கிறது. அந்த நெறிமுறையிலேயே ஒரு திறப்பும் இருக்கிறது. புகையிலைப் பொருள் உற்பத்திக்கு இன்றியமையாத, அடையாளம் காணக்கூடிய, கட்டுப்படுத்தத்தக்க மூலப்பொருள்கள் உண்டா என்று ஆராய வேண்டும் என அதன் 6-ஆம் பிரிவு உறுப்பு நாடுகளின் கூட்டத்துக்குச் சொல்கிறது. பீடிக்குத் தெந்து இலை இன்றியமையாதது. பிற இலைகளிலிருந்து எளிதில் வேறுபடுத்தி அறியத்தக்கது. காட்டிலிருந்து வெளிவரும்போதே அரசின் கணக்கில் உள்ளது. இந்த மூன்று தகுதிகளும் இவ்வளவு தெளிவாகப் பொருந்தும் மூலப்பொருள்கள் அரிது.

முடிவுரை

இரண்டு நூற்றாண்டுக் காலத்தில் சௌக்கைக் காவலரிலிருந்து கடலோரக் காவல்படைக் கப்பல் வரை அரசுகள் நிறுத்திய காவல் எதுவும் வீண் என்று கொள்ள முடியாது. காவல் இல்லாதிருந்தால் கடத்தல் வெளிப்படையான வணிகமாகவே நடந்திருக்கும். ஆயினும் கரையில் மூட்டையைப் பிடிப்பது கடத்தலின் கடைசிக் கண்ணியைப் பிடிப்பதே ஆகும். அதில் சிக்குவோர் பெரும்பாலும் கூலிக்குப் படகோட்டும் மீனவரும் வண்டியோட்டிகளுமே அன்றி, இலைக்குப் பணம் போட்டவர்கள் அல்லர். கிடங்கிலிருந்து பீடிக் கடை வரையிலும், கிடங்கிலிருந்து துறைமுகம் வரையிலும் இலையின் கணக்கைத் தொடர்வதற்கு, மின்வழிப் பத்திரம் முதலிய கருவிகள் ஜிஎஸ்டி முறையில் ஏற்கெனவே உள்ளன. அந்தக் கணக்கை 2005-ஆம் ஆண்டின் சார்க் சுங்க ஒத்துழைப்பு உடன்படிக்கையின் கீழோ இரு நாட்டுத் தனி உடன்பாட்டின் கீழோ இலங்கைச் சுங்கத்துடன் பகிர்ந்துகொள்ளவும் தடை இல்லை. அவ்வாறு செய்யும்போது, முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் 1,000 பீடிக்குக் கூலி வாங்கும் பெண்களின் மீது புதிய சுமை ஏறாதபடி, கட்டுப்பாடு கிடங்கு உரிமையாளரையும் மொத்த வணிகரையும் சார்ந்ததாக அமைய வேண்டும். 1863-இல் திருவிதாங்கூர் கண்டுகொண்டதுபோல, புகையிலைக் கடத்தலைத் தடுக்கும் இடம் எல்லைச் சாவடியை விடக் கிடங்கின் கணக்கேடே. இந்தியாவும் இலங்கையும் அந்தக் கணக்கேட்டைச் சேர்ந்து எழுதாதவரை, மன்னார் வளைகுடாவில் பிடிபடும் மூட்டைகளின் எண்ணிக்கை கடத்தலின் அளவைக் காட்டுமே தவிரக் குறைக்காது.